சுல்தானாவின் கனவு: பெண்ணியக் கொள்கை வடிவமைப்பின் முன்னோடி வரைவு

முன்னுரை

இல்லாத சமூகம் ஒன்றைக் கற்பனையாக வரைந்து, அதன்வழி நடப்பு ஏற்பாடுகளைக் கேள்விக்குள்ளாக்கும் முறை ஊக வடிவமைப்பு எனப்படும். அந்தனி டன், ஃபியோனா ராபி ஆகியோரின் 2013ஆம் ஆண்டு நூல் இதனைப் பரவலாக்கியது. எனினும் பெண்விடுதலை நோக்கிய இத்தகைய முயற்சி ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நிகழ்ந்துள்ளது. வங்கத்தைச் சேர்ந்த ரொக்கேயா சகாவத் ஹுசைன் (1880–1932) ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’, கமலா சத்தியநாதன் சென்னையிலிருந்து நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில் 1905இல் வெளிவந்தது. இக்கதையைப் பொதுக்கொள்கை வரைவாக வாசிக்க இயலும் என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

பெண்ணாட்டின் ஏற்பாடுகள்

கதையில் ஆண்கள் வீட்டினுள் அடங்கியிருக்கப் பெண்கள் ஆட்சி நடத்துகின்றனர். தீங்கு செய்யக்கூடியவரை வெளியே விட்டு, தீங்குக்கு உள்ளாகக்கூடியவரை அடைத்துவைப்பது முறையா என்னும் வினா இத்தலைகீழாக்கத்தில் பொதிந்துள்ளது. பாதுகாப்பின் பெயரால் பெண்களை முடக்கும் கொள்கையின் அடிப்படையே இதனால் ஆட்டங்காண்கிறது.

அந்நாட்டு அரசி பெண்கள் அனைவருக்கும் கல்வியளிக்க ஆணையிடுகிறாள். 21 வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் கூடாதென விதிக்கிறாள். பெண்கள் பல்கலைக்கழகங்களுள் ஒன்று வளிமண்டலத்திலிருந்து நீரையும், மற்றொன்று சூரியனிடமிருந்து வெப்பத்தையும் திரட்டும் வழி காண்கிறது. அவ்வெப்பத்தால் சமைப்பதால் அடுக்களையில் புகை இல்லை.

சட்டமும் வரைவும்

1891ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணின் இசைவு வயதை 12 ஆக உயர்த்தியது. 1929ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கியது. இரண்டும் வயது வரம்போடு நின்றன. ரொக்கேயாவோ வயதைக் கல்வி, நீர், எரிபொருள், அச்சமற்ற தெரு ஆகியவற்றோடு பிணைத்தார். 1911இல் கல்கத்தாவில் எட்டு மாணவியருடன் அவர் தொடங்கிய பள்ளிக்குச் சிறுமியர் திரையிட்ட வண்டியிலேயே வர வேண்டியிருந்தது. போக்குவரத்தும் தெருவும் மாறாமல் கல்வி முழுமையடையாது என்பதற்கு இதுவே சான்று.

வரைவின் எல்லை

பெண்ணாட்டில் மக்கள் மன்றம் இல்லை. சீர்திருத்தம் அரசியின் ஆணையாகவே வருகிறது. அடைத்துவைத்தலும் ஒழியவில்லை, அடைபடுவோர் மட்டுமே மாறியுள்ளனர்.

முடிவுரை

பெண்ணின் திருமண வயதை 21 ஆக்கும் மசோதா 2021இல் மக்களவையில் அறிமுகமாகி, 2024இல் அவை கலைந்தபோது காலாவதியானது. ரொக்கேயா குறித்த அதே வயது இம்மசோதாவிலும் இடம்பெற்றது. ஆனால் அவரது வரைவில் அவ்வயது தனித்து நிற்கவில்லை. அதனை இயலச்செய்யும் ஏற்பாடுகளோடு சேர்ந்தே வந்தது. கொள்கை வகுப்போர் இக்கதையிலிருந்து பெறத்தக்கது இவ்விணைப்பேயாகும்.