ஜொகூரில் பணியாற்றிய மருத்துவரும் சவாசனமும்



மாலை வகுப்புக்கு வரும் ஆறாம் ஆண்டு மாணவர்கள் பத்து பாகாட் வெயிலில் வாடிச் சோர்ந்திருப்பர். பாடம் தொடங்குமுன் பாய் விரித்து, ஐந்து நிமிடம் அவர்களைச் சவாசனத்தில் படுக்கச் செய்வது என் வழக்கம். ஒருநாள் மாணவன் ஒருவன், "ஐயா, சும்மா படுத்திருப்பது எப்படிப் பயிற்சியாகும்?" என்று கேட்டான். விடையாக ஒரு வரலாற்றைக் கூறினேன். அதனை இங்கும் பதிவு செய்கிறேன்.

பாய்க்குப் புகழ்பெற்ற திருநெல்வேலிப் பத்தமடையில் 1887ஆம் ஆண்டு பிறந்தவர் குப்புசாமி. தஞ்சாவூரில் மருத்துவம் கற்ற அவர், 1913இல் கப்பலேறி மலாயா வந்தார். சிரம்பான் வட்டாரத் தோட்ட மருத்துவமனையில் ஏறத்தாழ ஏழாண்டும், பின்னர் நம் ஜொகூர் மாநிலத்தில் மூன்றாண்டும் பணியாற்றினார்.

அக்காலத் தோட்ட வாழ்வை நாம் அறிவோம். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டது. ஆயினும் கங்காணி முறை தொடர்ந்தது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் சீவி, பால் சுமந்தவர்கள் நம் முன்னோர். என் பாட்டனாரும் அவர்களுள் ஒருவர். காய்ச்சலுக்கு மருந்து கிடைத்தது. களைப்புக்கு என்ன கிடைத்தது? தோட்டத்துக் கள்ளுக்கடைதான். ஓய்வு என்பதைக் கற்றுத்தர எவரும் இலர். அத்தகைய களைத்த உடல்களையே அம்மருத்துவர் நாள்தோறும் கண்டிருப்பார்.

1923இல் அவர் பணியைத் துறந்து இந்தியா திரும்பினார். 1924இல் ரிஷிகேசத்தில் துறவு பூண்டு சுவாமி சிவானந்தர் ஆனார். மருத்துவத்தை அவர் கைவிடவில்லை. 1927இல் லட்சுமண் ஜூலாவில் இலவச மருந்தகம் ஒன்றைத் தொடங்கினார். தெய்வ நெறிக் கழகத்தை 1936இல் நிறுவினார். அவர்தம் சீடர் விஷ்ணுதேவானந்தர் 1959இல் கனடாவின் மொன்றியலில் யோக மையம் அமைத்தார். ஆசனம், மூச்சு, உணவு, தியானம் ஆகியவற்றோடு ஓய்வையும் தம் ஐந்து நெறிகளுள் ஒன்றாக வைத்தார். இன்று உலகெங்கும் யோக வகுப்புகள் பெரும்பாலும் சவாசனத்தில் நிறைவுறுகின்றன.

சவாசனம் புதியதன்று. 15ஆம் நூற்றாண்டின் 'ஹடயோகப் பிரதீபிகை' அது களைப்பை நீக்கி மனத்துக்கு ஓய்வு தரும் என்கிறது. மல்லாந்து படுத்து, கால்களைச் சற்றே அகற்றி, உள்ளங்கைகளை மேல்நோக்கி வைத்து, பாதம் முதல் தலைவரை ஒவ்வோர் உறுப்பையும் தளர்த்த வேண்டும். மூச்சு தானே மெல்ல வந்துபோகும். மனம் உறங்காமல் அதனைக் கவனித்திருக்கும். உறங்காமலே ஓய்வதால்தான் அது பயிற்சி ஆகிறது.

இதனைக் கூறி முடித்ததும் அம்மாணவன், "தாத்தாவுக்கும் தாத்தாவுக்கு இது தெரியுமா, ஐயா?" என்றான். "தெரிந்துகொள்ள நேரமில்லை, ஐயா. உனக்கு இருக்கிறது" என்றேன். அவன் கண்களை மூடிக்கொண்டான்.

பெற்றோர்களே, கைப்பேசியைக் கொடுப்பதே பிள்ளைக்கு ஓய்வு என்று எண்ணாதீர்கள். நாளும் ஐந்து நிமிடம் ஒரு பாய் விரித்துக் கொடுங்கள்.