மறைந்தோரை நினைவுகூர்தல்: அந்தமான் தீவினரின் வரலாறு கற்பிக்கும் பாடம்



நமது மாத வெளியீட்டின் இறுதிப் பக்கங்களில் 'காலஞ்சென்றோர்' என்னுந் தலைப்பின்கீழ் வரும் குறிப்புகளை நம்மவர் யாவரும் படித்து வருகின்றனர். இன்ன ஊரினர், இன்னாருடைய குமாரர், இத்தனை தறிகளுக்கு உரியவர், இன்ன திருப்பணிக்கு இவ்வளவு பொருளுதவினவர், இன்ன நாளில் இறைவனடி சேர்ந்தார் என்று அவை கூறும். பெண்மணியாராயின், இன்னாருடைய மனைவியார் என்பதனோடு குறிப்பு முடிந்துவிடும். சிற்சில வேளைகளில் அவருடைய பெயரும் அதில் இடம்பெறுவதில்லை. இவற்றைக் குறைகூறுதல் என் கருத்தன்று. ஆயினும், மறைந்தவர் எதை அறிந்திருந்தார், அவரோடு கூட மறைந்துபோனது யாது என்னும் வினாவிற்கு இக்குறிப்புகளில் விடை காண்டல் அரிதாயிருக்கின்றது. அவ்வினாவின் பெருமையை உணர்த்தவல்லது, வங்கக்கடலிலுள்ள அந்தமான் தீவுகளில் வாழ்ந்துவரும் ஒரு சிறு சமூகத்தின் வரலாறாகும். அச்சமூகத்தில் 2009-ஆம் ஆண்டு முதல் 2020-ஆம் ஆண்டு வரை மறைந்த நால்வரைப் பற்றிச் சில சொல்ல விரும்புகின்றேன்.

அந்தமானின் ஆதிக்குடிகளுள் பெரிய அந்தமானியர் எனப்படுவோர் ஒரு பிரிவினர். இவர்கள் ஜாரவர், ஓங்கேயர், சென்டினலியர் என்போரினும் வேறானவர். முற்காலத்தில் இவர்கள் போ, கோரா, ஜேரோ, சாரே முதலிய பத்துக் கூட்டத்தாராய்ப் பிரிந்து, ஒவ்வொரு கூட்டத்தார்க்கும் உரிய காடும் கடற்கரையும் வகுத்துக்கொண்டு, மீன் பிடித்தும், ஆமை வேட்டையாடியும், தேனெடுத்தும், காட்டுப்பன்றியை அம்பெய்து வீழ்த்தியும் வாழ்ந்தனர். ஒவ்வொரு கூட்டத்தார்க்கும் தனித்தனி மொழியும் இருந்தது. 1858-ஆம் ஆண்டுக்குமுன் இவர்களுடைய தொகை பல்லாயிரம் என்று அறிஞர் மதிப்பிடுவர். 5,000 என்பாரும் உளர்.

1857-ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சியில் ஈடுபட்டோரைத் தீவாந்தரத்துக்கு அனுப்பும்பொருட்டு, 1858-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஆங்கிலேயர் போர்ட் பிளேயரில் சிறைக் குடியேற்றம் நிறுவினர். காடுகள் வெட்டப்பட்டன. தம் நிலம் பறிபோதல் கண்ட தீவினர் 1859-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒன்றுகூடிக் குடியேற்றத்தை எதிர்த்தனர். இஃது அபர்டீன் போர் எனப்படும். முன்னர்த் தப்பியோடித் தீவினரோடு ஓராண்டு வரை வாழ்ந்திருந்த தூத்நாத் திவாரி என்னுங் கைதி, அவர்களுடைய எண்ணத்தை ஆங்கிலேயருக்கு முன்னரே அறிவித்துவிட்டார். துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் எதிரே அம்பும் வில்லும் நிற்கவில்லை. சங்கிலியிற் கட்டுண்டு வந்த நம் நாட்டாரும் துன்புற்றவரே. அவர்தம் துன்பத்தைத் தீர்க்க வழியில்லாத இடத்தில், வேறொரு கூட்டத்தாரின் அழிவும் உடன் தொடங்கியது.

எனினும், போரினும் கொடியவையாய் வந்தவை நோய்களே. 1863-ஆம் ஆண்டில் தீவினரைப் பழக்கும்பொருட்டு 'அந்தமான் இல்லம்' என ஒன்று ஏற்படுத்தப்பட்டது. அதன் வாயிலாக அவர்கள் குடியேற்றத்தாருடன் நெருங்கிப் பழகவே, அவர்களுடம்பு முன்னம் அறியாத நோய்கள் பரவின. மேகநோய் அவர்களுடைய சந்ததியை அரித்தது. 1877-ஆம் ஆண்டில் பரவிய தட்டம்மை பலரைக் கொண்டுபோயிற்று. இல்லத்திற் பிறந்த குழந்தைகளுட் பெரும்பாலார் மழலைப் பருவத்தைக் கடக்கவில்லை.

இவ்வழிவைக் குடிமதிப்புக் கணக்குகளே கூறுகின்றன. 1901-ஆம் ஆண்டில் 625 பேர். 1911-இல் 455 பேர். 1921-இல் 209 பேர். 1931-இல் 90 பேர். 1961-இல் 19 பேர். நம் ஊர்களில் ஒரு தெருவிற் குடியிருப்போர் தொகைக்கும் இது குறைவன்றோ? எஞ்சியோரை அரசாங்கத்தார் 1970-ஆம் ஆண்டளவில் ஸ்ட்ரெய்ட் தீவு என்னுஞ் சிறு தீவிற் குடியேற்றினர். அங்கே பல கூட்டத்தாரும் ஒன்றாய்க் கலந்தனர், மொழிகளும் கலந்தன, பிள்ளைகள் இந்தி பேசத் தலைப்பட்டனர். பின்னர்த் தொகை சிறிது பெருகி, 2011-ஆம் ஆண்டில் 44 ஆயிற்று. குலம் முற்றும் அழியவில்லை என்பது ஆறுதலே. மொழிகளின் நிலையோ வேறு.

அவற்றைச் சொல்வதற்குமுன், இம்மக்கள் தம்முள் இறந்தோரை எவ்வாறு நினைத்தனர் என்பதைக் கூறுதல் வேண்டும். 1906 முதல் 1908 வரை அங்கு ஆராய்ச்சி செய்த ராட்கிளிப் பிரௌன் என்னும் ஆங்கில அறிஞர் தமது நூலில் இதனை விரித்துரைத்திருக்கின்றார். ஒருவர் இறந்தால் உறவினர் உடலெங்கும் களிமண் பூசிக்கொள்வர். உடலைப் புதைப்பர், சிறப்புடையார் ஆயின் மரத்தின்மேற் பரணமைத்து அதன்கண் வைப்பர். பின்னர் அவ்விடத்தை விட்டு நீங்கி வேறிடத்திற் குடிபுகுவர். துக்கம் நீங்கும் வரையில் இறந்தவருடைய பெயரை எவரும் உச்சரியார். சில திங்கள் கழிந்தபின் எலும்புகளைத் தோண்டியெடுத்துக் கழுவி, செம்மண்ணும் வெண்மண்ணும் தீட்டி, அணிகளாகக் கோத்துக்கொள்வர். கூத்தோடும் அழுகையோடும் துக்கம் முடிவுறும். அதன்பின் பெயரை மீண்டும் வழங்கலாம்.

இதனைக் கேட்டுச் சிலர் அருவருக்கக்கூடும். சற்றே ஆழ்ந்து நோக்குமின்! வாயாற் பெயரைச் சொல்லாத அக்காலத்தும் அவர்கள் இறந்தவரை மறந்தாரல்லர். மாலையாக மார்பிற் சுமந்தனர். நாமோ பெயரைப் பளிங்கிற் பொறித்துவிட்டு, அவரை மறந்துவிடுகின்றோம். இவ்விரண்டனுள் எது நினைவு என்று அறிஞர் ஆராய்வாராக.

பெயர் என்பது அவர்களுக்கு எளிய பொருளன்று. குழந்தை கருவிலிருக்கும்போதே பெயர் இடப்பெறும். ஆணாயினும் பெண்ணாயினும் அதே பெயர் வழங்கும். பெண் பருவமடைந்த காலத்திற் காட்டில் எந்த மலர் மலர்ந்திருந்ததோ, அந்த மலரின் பெயரையும் அவளுக்குச் சூட்டுவர். நாமும் 'பூப்பெய்தினாள்' என்றே சொல்கின்றோம். கடலால் நெடுந்தூரம் பிரிக்கப்பட்ட இரு சமூகத்தாரும் பெண்மையை மலரோடு சேர்த்தெண்ணியமை வியக்கத்தக்கது.

இனி அந்நால்வரைக் குறித்துச் சொல்வேன்.

இவர்களைப் பற்றி உலகம் அறியச் செய்தவர் தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துப் பேராசிரியை அன்விதா அப்பி என்னும் மொழிநூற் புலமையார். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபின், ஸ்ட்ரெய்ட் தீவினர் போர்ட் பிளேயரில் நிவாரண இடங்களிற் தங்கவைக்கப்பட்டனர். அதன்பின் 2005-ஆம் ஆண்டு தொட்டு அவ்வம்மையார் முதியோர்பால் அமர்ந்து, சொற்களையும் கதைகளையும் பாடல்களையும் கேட்டுப் பதிவு செய்தார். அதன் பயனாக அகராதியும், 2013-ஆம் ஆண்டில் இலக்கணமும் வெளிவந்தன.

அம்முதியோருள் ஒருவர் இளைய நாவோ. ஜேரோ மொழியில் வல்லவர். முதல் மனிதனாகிய பெர்தாஜிதோவின் கதை முதலியன அவர் நெஞ்சில் உறங்கிக்கிடந்தன. கேட்பார் இல்லாமையாற் பல்லாண்டுகளாக அவர் அவற்றைச் சொல்லியதில்லை. கேட்பவர் ஒருவர் வந்தமையால் சிறிது சிறிதாக நினைவுகூர்ந்து சொன்னார். 2009-ஆம் ஆண்டில் அவர் காலமானார். அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் போரோ என்னும் மூதாட்டியார் மறைந்தார். கோரா மொழியை அறிந்தவர் அவரோடு முடிந்தனர்.

2010-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் மூத்த போவா என்னும் அம்மையார், ஏறத்தாழ 85 வயதில், போர்ட் பிளேயரில் உயிர் நீத்தார். 'போ' மொழியைப் பேசியவருள் இவரே கடைசியானவர். தம் பெற்றோர் இறந்தபின் முப்பது நாற்பது ஆண்டுகள் அம்மொழியில் தம்மோடு உரையாட ஒருவரும் இன்றி வாழ்ந்தார். ஏனையோரோடு பேசுதற்கு இந்தி கற்றார். பிள்ளைப்பேறு வாய்க்கவில்லை. பறவைகளுக்குத் தம் மொழி விளங்கும் என்று அவற்றோடு பேசுவாராம். இத்தனைத் துயரிடையும் வாய்விட்டுச் சிரிக்கும் இயல்பினர் என்று அவரை அறிந்தோர் கூறினர். பாடல்கள் பலவற்றைப் பாடிப் பதிவுசெய்யக் கொடுத்தவரும் இவரே. இறுதியாக, 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் லீச்சோ என்னும் அம்மையார் மறைந்தார். சாரே மொழியும் மறைந்தது.

மொழி மறைந்தது என்றால் யாது மறைந்தது? ஒரு சான்று கூறுவேன். இம்மொழிகளில் உடலை ஏழு பகுதியாக வகுத்து, அவ்வப் பகுதிக்குரிய அடையைச் சொல்லின் முன் சேர்ப்பர். 'தலை' என்றோ 'கை' என்றோ வெறுமனே சொல்லுதல் இயலாது. யாருடைய தலை, யாருடைய கை என்பது சொல்லிலேயே விளங்கவேண்டும். வினைச்சொற்களும் பண்புச்சொற்களும் அவ்வேழு பகுதியைத் தழுவியே நடக்கும். மனித உடலையே இலக்கணத்துக்கு அடிப்படையாகக் கொண்ட அமைப்பு இது. பள்ளியை அறியாத பாட்டிமார் இதனை நாவிலே வைத்துக் காத்தனர்.

போவா அம்மையார் மறைந்த செய்தியை உலகத்துப் பத்திரிகைகள் வெளியிட்டன. அவற்றுட் பல, '65,000 ஆண்டுத் தொன்மையுடைய மொழி அழிந்தது' என எழுதின. எல்லா மொழிகளும் மாறிமாறி வருவனவாதலின், ஒரு மொழிக்கு இத்தனை ஆண்டு என்று வயது கட்டுதல் பொருந்தாது. இதனினும் முக்கியமானது வேறொன்று. அம்மொழி ஆயிரம் ஆண்டே பழமையுடையதாயினும் இழப்புச் சிறிதாகுமோ? தனித்திருந்து சிரித்த அம்மூதாட்டியின் அருமை, மூதாதையரின் காலக்கணக்கினாலா உண்டாவது? அவர் தாமே அறிந்திருந்தவற்றால் உண்டாவதன்றோ?

இவ்விடத்தில் நம்மை நாமே நோக்கிக்கொள்வோமாக. குலப்பெருமை பேசுங்கால் நாமும் தொன்மையையே பேசுகின்றோம். நம் முன்னோர் எந்த அரசர் காலத்து வந்தனர், எந்தச் செப்பேட்டிற் கூறப்பட்டனர் என்று கூட்டந்தோறும் முழங்குகின்றோம். அதே வேளையில் பாவடியில் பாவு விரித்துக் கஞ்சியிட்ட கை ஒவ்வொன்றாய் ஓய்கின்றது. விழுது கட்டுதலும், அச்சுப் பிணைத்தலும், சாயத்தின் பதத்தை விரலாலும் மூக்காலும் அறிதலும், குழித்தறியில் அமர்ந்து தாள ஒழுங்கோடு நெய்தலும் அறிந்தவர் அருகி வருகின்றனர். அவ்வேலைகளின்போது வழங்கிய சொற்களும் அவரோடு போகின்றன. விசைத்தறி வந்ததைத் தடுக்க நம்மால் இயலாது. தடுத்தல் வேண்டுமென்பதும் என் கருத்தன்று. நம் பிள்ளைகள் கற்று உயர்ந்தமை மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் போவதைக் குறித்துவைக்கவும் நமக்கு இயலாதோ?

அந்தமானியர் நோயாலும் பிறர் ஆட்சியாலும் இழந்தனர். அது தடுக்கமுடியாப் பேரிழப்பு. நாம் இழப்பதோ சோம்பலால். அவர்கள் நிலையை நம் நிலையோடு ஒப்பிடுதல் முறையன்று என்பதை அறிவேன். ஆனால் அவர்தம் வரலாற்றிலிருந்து ஒரு சிறு படிப்பினை கொள்ளுதல் கூடும்: மறைந்தபின் எழுதும் இரங்கற் குறிப்பு, உயிரோடிருக்கையில் கேட்டவற்றின் அளவிற்றே ஆகும். கேட்க ஒருவர் வந்தமையாலன்றோ நாவோவின் கதைகளும் போவாவின் பாடல்களும் இன்று எஞ்சியிருக்கின்றன? வாராதிருந்தால் '2010-இல் ஒரு கிழவி இறந்தாள்' என்பதே எஞ்சியிருக்கும்.

ஆதலின் ஒவ்வோர் ஊர்க் கிளைச் சங்கத்தாரும், தம் ஊரில் எழுபது வயது கடந்த ஆடவர் பெண்டிரின் பெயர்களை முதற்கண் எழுதிக்கொள்ளுமாறு வேண்டுகின்றேன். விடுமுறை நாட்களில் இளைஞர் சென்று அவர்பால் அமர்வாராக. நெய்தற்றொழிற் சொற்களையும், தாலாட்டையும், ஒப்பாரியையும், அவர் கண்ட பஞ்சத்தையும் வேலைநிறுத்தத்தையும், திருமணமாகி வந்த நாளையும் கேட்டு எழுதுவாராக. இக்காலத்தில் ஒவ்வொருவர் கையிலுமுள்ள பேசியிலேயே குரலைப் பதிவு செய்துவைத்தல் எளிது. பின்னர் அவர் இறைவனடி சேருங்கால், 'காலஞ்சென்றோர்' பக்கத்தில் அவர் அறிந்திருந்தவற்றுள் ஒன்றேனும் இடம்பெறுக. பெண்மணியாராயின் அவருடைய சொந்தப் பெயரும் தவறாது இடம்பெறுக.

எலும்பை மாலையாக அணியும் வழக்கம் நமக்கில்லை. ஆயினும், மறைந்தோர் சொன்ன ஒரு சொல்லையேனும் மார்பிற் சுமந்து செல்லுதல் நமக்கும் கூடியதே. எல்லாம் வல்ல இறைவன் அதற்கான ஊக்கத்தை நம் சமூகத்தார்க்கு அருள்வானாக.