பண்டத்திற்கு ஓர் எண்: வாணிகக் கணக்கின் வரலாறும் சந்தை காணும் வழியும்

காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் சோழ மன்னனின் சுங்க அலுவலர் ஆற்றிய பணியைப் பட்டினப்பாலை விரித்துரைக்கின்றது. கடலினின்றும் கரைக்கு இறங்கிய பண்டங்களும், கரையினின்றும் கடலுக்கு ஏற்றப்பட்ட பண்டங்களும் மலைபோற் குவிந்து கிடக்க, அவற்றின்மீது புலி முத்திரை பொறித்து அனுப்பினர் என்பது அந்நூல் தரும் செய்தி. அங்காடித் தெருவில் கண்ட பொருள்களையும் அது வரிசைப்படுத்துகின்றது. வடமலைப் பொன், மேற்கு மலைச் சந்தனம், தென்கடல் முத்து, கீழ்க்கடல் பவளம், ஈழத்து உணவு என்று அவ்வரிசை செல்கின்றது. காழகத்துப் பொருளும் அதில் உண்டு. காழகம் என்பது கடாரம் என உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கூறுவர். கடாரமே இன்றைய கெடா என்பது அறிஞர் கொள்கை.

இவ்வரிசையில் ஓர் உண்மை புலனாகும். பண்டங்கள் பிறந்த இடத்தை வைத்தே அடையாளம் பெற்றன. கடாரத்திலிருந்து வந்த பொருள்கள் இன்னின்னவை என்று பாட்டு விரித்துரைக்கவில்லை; ‘கடாரத்துப் பொருள்’ என்ற அளவிலேயே அன்றைய மக்களுக்கு அது விளங்கிற்று. இக்காலச் சுங்கமோ முதலில் ‘இஃது என்ன பொருள்?’ என்று கேட்கின்றது. ‘எங்கிருந்து வந்தது?’ என்பது அடுத்த கேள்வி. முதற் கேள்விக்கு விடையாக அது எதிர்பார்ப்பது பெயரன்று, ஓர் எண்.

அந்த எண்ணைப் படிக்கக் கற்றவன், தன் பண்டத்தை உலகில் எவர் வாங்குகின்றனர் என்பதை இருந்த இடத்திலிருந்தே அறியலாம். எந்தப் பொருளுக்குத் தனி எண் உண்டு, எந்தப் பொருளுக்கு இல்லை என்பதை அறியாதவன் அதே எண்ணால் ஏமாறவும் கூடும். இவ்விரண்டையும் சேர்த்து உணர, எண் பிறந்த கதையை முதலில் காணவேண்டும்.

ஒரு பொருள், பல பெயர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு சுங்கப் பட்டியல் வைத்திருந்தது. சில நாடுகள் பண்டங்களை அகரவரிசையில் அடுக்கின. சில, வரி விகிதத்தின் வரிசையில் அடுக்கின. ஆகவே ஒரு நாட்டின் ஏற்றுமதிக் கணக்கை மற்றொரு நாட்டின் இறக்குமதிக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பது அரிதாயிற்று. பெல்ஜிய அறிஞர் கெத்தலேயின் தலைமையில் 1853-ஆம் ஆண்டில் பிரஸ்ஸல்ஸ் நகரில் முதல் அனைத்துலகப் புள்ளியியல் மாநாடு கூடிற்று. நாடுகளின் கணக்குகள் ஒன்றோடொன்று ஒப்பிடத் தக்கனவாய் இருத்தல் வேண்டும் என்ற எண்ணம் அங்கே வலுப்பெற்றது.

எண்ணம் உடன்படிக்கையாக மாற அறுபது ஆண்டுகள் சென்றன. 1913-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் அதே பிரஸ்ஸல்ஸில் கையெழுத்தான ஒப்பந்தம், உலக வாணிகப் பண்டங்கள் அனைத்தையும் 186 இனங்களாகப் பகுத்து ஐந்து பெருந்தொகுதிகளில் அடக்கியது. உயிர்ப் பிராணிகள், உணவும் பானமும், மூலப்பொருள்கள், செய்பொருள்கள், பொன்னும் வெள்ளியும் என்பனவே அவ்வைந்து. அடுத்த ஆண்டே முதலாம் உலகப் போர் மூண்டது.

போருக்குப் பின் சர்வதேச சங்கம் இப்பணியை ஏற்றது. 1937-ஆம் ஆண்டில் திருத்தி முடிக்கப்பட்ட ஜெனிவாப் பட்டியலில் 21 பிரிவுகளும், 86 அதிகாரங்களும், 991 தலைப்புகளும் இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1950-ஆம் ஆண்டில் இரு முறைகள் தோன்றின. புள்ளிவிவரம் தொகுப்போர்க்கென ஐக்கிய நாட்டுச் சபை 570 இனங்கள் கொண்ட அனைத்துலக வாணிகப் பண்டப் பகுப்பை அமைத்தது. வரி விதிப்போர்க்கென பிரஸ்ஸல்ஸ் பட்டியல் உருவாயிற்று; அதற்கான உடன்படிக்கை அவ்வாண்டு டிசம்பர் 15-ஆம் நாள் கையெழுத்தாகி, 1959-ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்தது. கணக்கருக்கு ஒரு மொழி, சுங்கக்காரருக்கு ஒரு மொழி என்ற நிலையை மாற்ற, 1960-ஆம் ஆண்டில் ஐக்கிய நாட்டுப் பகுப்பு பிரஸ்ஸல்ஸ் பட்டியலோடு பொருந்துமாறு திருத்தப்பட்டது.

அதன் பின்னும் கப்பற் கட்டணத்திற்கு ஒரு குறி, காப்புறுதிக்கு ஒரு குறி, வரிக்கு ஒரு குறி என்ற குழப்பம் நீங்கவில்லை. ஒரே சரக்கு ஒரு பயணத்திற்குள் 17 முறை வரை வெவ்வேறு குறி பெறக்கூடும் என்று அக்காலத்தில் கணக்கிட்டனர். இதற்கு முடிவு காண 1983-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் புதியதோர் உடன்படிக்கை ஏற்பட்டது. 1988-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அது செயலுக்கு வந்தது. வணிகர் ‘எச்.எஸ். குறியீடு’ என வழங்கும் ஒத்திசைந்த பண்டக் குறியீட்டு முறை இதுவே. உலக வாணிகத்தின் பெரும்பகுதி இன்று இம்முறையிலேயே பதிவாகின்றது.

எண்ணின் அமைப்பு

இம்முறை, உயிர்ப் பிராணிகளுக்குரிய முதல் அதிகாரத்தில் தொடங்கி, ஓவியம், சிற்பம், பழம்பொருள் ஆகியவற்றுக்குரிய 97-ஆம் அதிகாரத்தில் முடிகின்றது. இயற்கையில் கிடைத்தபடியே உள்ள பொருள் முன்னும், மனிதன் கைபட்டு உருமாறிய பொருள் பின்னும் வருவது இதன் பொதுப்போக்கு. 77-ஆம் அதிகாரம் மட்டும் பிற்காலத் தேவைக்கென வெறுமையாக விடப்பட்டிருக்கின்றது.

தோட்டத்து ரப்பரைக் கொண்டே எண்ணின் அமைப்பை எளிதில் விளக்கலாம். 40 என்பது ரப்பர் அதிகாரம். 4001 என்பது இயற்கை ரப்பர். 4001.10 என்றால் ரப்பர்ப் பால், 4001.21 என்றால் புகையூட்டிய ஷீட்டு, 4001.22 என்றால் சோதனைச் சாலையில் தரம் குறிக்கப்பட்ட ரப்பர். இந்த ஆறு இலக்கம் வரை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் எண் ஒன்றே. அதற்குமேல் வரும் இலக்கங்கள் அந்தந்த நாட்டின் அல்லது வட்டாரத்தின் விருப்பம். ஆசியான் நாடுகள் எட்டு இலக்கம் வரை தமக்குள் பொதுவாக வைத்துள்ளன.

புகையூட்டிய ஷீட்டுக்கும் தரம் குறித்த ரப்பருக்கும் ஏன் தனித்தனி எண்? ஷீட்டு ரப்பரைக் கண்ணால் பார்த்தே முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்தனர். நிறம், குமிழி, அழுக்கு, பூஞ்சணம் ஆகியவை அங்கே அளவுகோல். 1965-ஆம் ஆண்டில் மலேசியா ‘மலேசியத் தர ரப்பர்’ என்ற திட்டத்தைத் தொடங்கிற்று. அதன்படி அழுக்கின் அளவு, சாம்பல், நைட்ரஜன் முதலியன ஆய்வுக்கூடத்தில் அளக்கப்பட்டன. ரப்பர் கட்டிகளாக அழுத்தப்பட்டுத் தரக்குறியோடு வெளிச்சென்றது. கண் கண்ட தரத்திலிருந்து கருவி கண்ட தரத்திற்கு வாணிகம் மாறிய அந்த வரலாறுதான் 21, 22 என்ற இரு இலக்கங்களில் அடங்கிக் கிடக்கின்றது.

சந்தை காணும் முறை

ஐக்கிய நாட்டுச் சபையின் ‘காம்டிரேட்’ தொகுப்பில் 1962-ஆம் ஆண்டு முதலான வாணிகக் கணக்குகள் உள்ளன. ஜெனிவாவிலுள்ள பன்னாட்டு வாணிக மையம் ‘டிரேட் மேப்’ என்ற பெயரில் இத்தகைய கணக்குகளை எளிய அட்டவணைகளாக வழங்குகின்றது. இவற்றில் சந்தை தேடுவோர் நான்கு படிகளைக் கடக்க வேண்டும்.

பண்டத்தின் ஆறு இலக்க எண்ணைப் பிழையின்றி அறிவது முதற்படி. அந்த எண்ணில் இறக்குமதி செய்யும் நாடுகளை ஐந்தாண்டுக் கணக்கோடு வரிசைப்படுத்துவது இரண்டாம் படி. ஒவ்வொரு நாட்டின் இறக்குமதி மதிப்பையும் எடையால் வகுத்து, டன் ஒன்றுக்கு என்ன விலை கொடுக்கின்றது என்று காண்பது மூன்றாம் படி. அந்நாட்டிற்கு இப்பொழுது விற்பவர் யார், அவர்க்கு என்ன வரி, நமக்கு என்ன வரி என்று ஆராய்வது நான்காம் படி.

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். ‘அ’ என்ற நாடு ஓராண்டில் 2,000 டன் ஷீட்டு ரப்பரை 36 லட்சம் டாலருக்கு வாங்குகின்றது. ‘ஆ’ என்ற நாடு 500 டன்னை 11 லட்சம் டாலருக்கு வாங்குகின்றது. மேலோட்டமாகப் பார்ப்பவன் ‘அ’ நாட்டையே நாடுவான். வகுத்துப் பார்த்தால் ‘அ’ டன்னுக்கு 1,800 டாலரும், ‘ஆ’ 2,200 டாலரும் கொடுப்பது தெரியும். ஐந்தாண்டுகளுக்கு முன் ‘அ’ 2,100 டன்னும் ‘ஆ’ 200 டன்னுமே வாங்கின என்றால், வளரும் சந்தை எது என்பதும் விளங்கும். ஆனால் ‘ஆ’ நாட்டின் கொள்முதலில் பத்தில் ஒன்பது பங்கு வரிவிலக்குப் பெற்ற அண்டை நாட்டிலிருந்து வருகின்றது என்று நான்காம் படியில் தெரியவந்தால், அங்கே நுழையும் வாயில் குறுகியது என்று உணரவேண்டும். ஐந்தாம் வகுப்பு வகுத்தற் கணக்குக்கு மேற்பட்ட கணிதம் இதில் எதுவும் இல்லை.

எண் மறைக்கும் செய்திகள்

எண்ணை அப்படியே நம்புவதும் தவறு. இந்தோனேசியச் சிறு தோட்டக்காரர்களின் ரப்பர் பல்லாண்டுகள் சிங்கப்பூருக்கு வந்து, மீண்டும் ஆலையில் பதப்படுத்தப்பட்டு, பிற நாடுகளுக்குச் சென்றது. அனுப்பியவரின் கணக்கில் சிங்கப்பூர் பெரிய சந்தையாகத் தோன்றும். உண்மையில் ரப்பரைப் பயன்படுத்தியவர் வேறு நாட்டினர். இடைத்துறைமுகம் வேறு, இறுதிச் சந்தை வேறு.

அரசியலும் கணக்கை மறைப்பதுண்டு. 1963-ஆம் ஆண்டில் தொடங்கிய இந்தோனேசிய மோதலுக்குப் பின், சிங்கப்பூர் தன் வாணிக அறிக்கைகளில் இந்தோனேசியாவுடனான கணக்கைப் பல பத்தாண்டுகள் வெளியிடவில்லை. 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகே அது வெளிவரலாயிற்று. அக்காலத்தை ஆராய்வோர் மறுபக்கத்தைப் புரட்டி, இந்தோனேசியாவின் ஏட்டில் சிங்கப்பூரைத் தேடவேண்டும். அப்பொழுதும் இரு கணக்கும் முற்றும் ஒத்துவாரா. ஏற்றுமதி மதிப்பு கப்பலேற்றும் வரை உள்ள விலை. இறக்குமதி மதிப்போ கப்பற் கூலியும் காப்புறுதியும் சேர்ந்த விலை.

கையுறையின் கதை இன்னும் தெளிவானது. ரப்பர்க் கையுறைக்குரிய 4015-ஆம் தலைப்பில், 2021 முடிய, அறுவை மருத்துவக் கையுறைக்கு மட்டுமே 4015.11 என்ற தனி எண் இருந்தது. நோயாளியைப் பரிசோதிக்கும்போது அணியும் கையுறை, வீட்டில் பாத்திரம் துலக்கும் கையுறையோடு ‘ஏனையவை’ என்ற 4015.19-இல் கலந்து கிடந்தது. 2020-ஆம் ஆண்டில் கோவிட் நோய் பரவியபொழுது உலகம் முழுவதும் தேடியது அந்தப் பரிசோதனைக் கையுறையைத்தான். அதைத் தனியே காட்ட ஆறு இலக்க எண் இல்லை. 2022-ஆம் ஆண்டு ஜனவரி முதல் மருத்துவக் கையுறைகள் யாவும் 4015.12 என்ற புதிய எண்ணின்கீழ் வந்தன. ஆகவே 2021-ஐயும் 2022-ஐயும் நேருக்கு நேர் ஒப்பிடுபவன், ஒரு சந்தை திடீரென அழிந்ததாகவும் மற்றொன்று திடீரெனப் பிறந்ததாகவும் மயங்குவான். மாறியது சந்தையன்று, எண்ணே.

செம்பனை எண்ணெய் இதற்கு மறுதலையான பாடம். பழைய பிரஸ்ஸல்ஸ் பட்டியலில் அது மற்றத் தாவர எண்ணெய்களோடு 15.07 என்ற ஒரே தலைப்பில் அடங்கியிருந்தது. 1988-இல் 1511 என்ற தனித் தலைப்பு பெற்றது; கச்சா எண்ணெய் 1511.10 என்றும், சுத்திகரித்தது 1511.90 என்றும் பிரிந்தது. இறக்குமதி நாடு இவ்விரண்டிற்கும் வெவ்வேறு வரி விதிக்கும்போது, கொள்முதல் ஓர் எண்ணிலிருந்து மற்றோர் எண்ணுக்குத் தாவுகின்றது. நான்கு இலக்கத்தோடு நின்றுவிடுபவனுக்கு இது தெரியாது. ஆலை வைத்திருப்பவனுக்கோ இதுவே வாழ்வும் தாழ்வும்.

கடைசியாக ஒன்று. 1843-ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து டாக்டர் மாண்ட்கோமரி, கட்டாபெர்ச்சா என்ற மரப்பிசினின் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். ‘கெத்தா பெர்ச்சா’ என்னும் மலாய்ச் சொல்லே ஆங்கிலத்தில் அவ்வாறு திரிந்தது. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு அது உறையாயிற்று. 1851-இல் டோவருக்கும் கலேக்கும் இடையே இட்ட கம்பிக்கும் அதுவே காப்பு. காட்டு மரங்கள் எண்ணிறந்து வெட்டுண்டன. பின்னர் பாலிதீன் வந்து அதன் இடத்தைப் பிடித்தது. இன்று அப்பிசினுக்கென்று தனி எண்கூட இல்லை. சூயிங்கம் செய்யப் பயன்பட்ட சிக்கிள் பிசினோடு சேர்ந்து 4001.30 என்ற மூலையில் ஒதுங்கிக் கிடக்கின்றது. வாணிகக் கணக்கு நேற்று விற்றதைக் கூறும். நாளை எது தேவைப்படும் என்று கூறாது.

இவ்வறிவு ஏற்றுமதி நிறுவனங்களின் அறைக்குள் அடங்கிக் கிடக்கத் தேவையில்லை. தோட்டத்திலும் சிற்றூரிலும் வளரும் பிள்ளைகள் ஒட்டுப்பாலையும் கட்டிப்பாலையும் அறிவர். அவை எந்த எண்ணோடு எந்தத் துறைமுகத்திற்குச் செல்கின்றன என்பதை அறியார். அன்றைய விலை ஒன்றையே தெரிந்து வைத்திருப்பவன், விலை ஏன் இறங்கிற்று என்று கேட்கவும் வகையறியான். மேல்வகுப்புப் புவியியலிலும் கணிதத்திலும் ஓர் அட்டவணையைக் கரும்பலகையில் எழுதி, ‘வாங்குபவர் யார்? என்ன விலைக்கு? யாருக்குப் பதிலாக நாம் விற்கலாம்? இந்த எண் எதை மறைக்கின்றது?’ என்ற நான்கு கேள்விகளை மாணவர்முன் வைத்தல் ஆசிரியர்க்கு எளிது. ஊர்ப்பெயரால் பண்டத்தை அறிந்த காலம் போய், எண்ணால் அறியும் காலம் வந்துவிட்டது. எண்ணும் எழுத்தும் கண் என்று கற்பிக்கும் பள்ளியில் இந்த எண்ணுக்கும் ஓர் இடம் வேண்டும்.