மினமாட்டாவின் பூனைகள்: கண்டும் உணரப்படாத அறிகுறிகளின் வரலாறு

ஜப்பானின் தெற்கிலுள்ள கியூஷூ தீவில், ஷிரானுயி கடலின் கரையில் அமைந்த மினமாட்டா, மீனவர் குடியிருப்புகள் சூழ்ந்த ஒரு தொழில் நகரமாகும். அக்கரையோரத்தில் பூனை வீட்டின் செல்லமாக மட்டுமன்றி, வலைகளை எலி கடித்துவிடாமல் காக்கும் காவலாகவும் வளர்ந்தது. வீட்டார் உண்ட மீனின் மிச்சமே அதற்கும் அன்றாட உணவு. 1950களின் முற்பாதியில் இப்பூனைகளைத் தாக்கிய நோயும், அதை ஊரும் மருத்துவர்களும் அரசும் எதிர்கொண்ட விதமும், நோய்க்குறியைக் காண்பது வேறு, அதன் பொருளை உணர்வது வேறு என்பதற்குத் தெளிவான சான்றுகளாக நிற்கின்றன.

நோயுற்ற பூனைகளின் பின்னங்கால்கள் முதலில் தள்ளாடின. வாயிலிருந்து எச்சில் வடிந்தது. பின்னர் வலிப்பு கண்டு, வட்டமிட்டுச் சுழன்று, சுவரில் மோதி, சில கடலில் விழுந்தும் மடிந்தன. இந்த நிலையை மக்கள் ‘பூனையாட்ட நோய்’ என்று பொருள்படும் சொல்லால் குறித்தனர். கண்ணுக்குத் தெரிந்த அசைவை அப்பெயர் சரியாகவே பிடித்தது. ஆயினும் ஆட்டம் என்ற சொல், நரம்பு மண்டலம் சிதைவதன் வெளிப்பாட்டை வெறும் விநோதக் காட்சியாக மாற்றிவிட்டது.

1954 ஆகஸ்டில் உள்ளூர் நாளிதழ் ஒன்று, மோடோ என்னும் மீனவர் குடியிருப்பில் பூனைகள் ஏறத்தாழ முற்றிலும் அழிந்துவிட்டதையும், அதனால் எலிகள் பெருகி மக்கள் அல்லலுறுவதையும் செய்தியாக வெளியிட்டது. அச்செய்தியின் கவலையெல்லாம் எலியைப் பற்றியதாகவே இருந்தது. பூனைகள் ஏன் மாண்டன என்ற கேள்வி அன்றே எழுந்திருந்தால், அதே மீனை உண்டுவந்த மனிதர்கள் மீதும் கவனம் திரும்பியிருக்கும்.

நோயின் வேர் நகரின் ஆலையில் இருந்தது. பிற்காலத்தில் சிஸ்ஸோ எனப் பெயர் பெற்ற நிறுவனத்தின் அந்த ஆலை 1932 முதல் அசிட்டால்டிஹைடு என்னும் வேதிப்பொருளைத் தயாரித்துவந்தது. அத்தயாரிப்பில் பாதரசச் சேர்மம் வினையூக்கியாக, அதாவது வேதிவினையை விரைவுபடுத்தும் பொருளாகப் பயன்பட்டது. அதில் ஒரு பகுதி மெத்தில் பாதரசம் என்னும் கடும் நஞ்சாக மாறிக் கழிவுநீரோடு மினமாட்டா விரிகுடாவில் கலந்தது. நீரில் நுண்ணளவே இருக்கும் இந்நஞ்சு, சிற்றுயிர்களை மீனும் சிறுமீனைப் பெருமீனும் உண்ணும் ஒவ்வொரு படியிலும் செறிவு கூடிக்கொண்டே போகும். இதனை அறிவியலார் உயிரியல் பெருக்கம் என்பர். மூளைக்குள் எளிதில் நுழையும் இது, உடலின் சமநிலையைக் காக்கும் சிறுமூளையையும் பார்வைக்குரிய மூளைப் பகுதியையும் சிதைக்கிறது. பூனை தள்ளாடியதற்கும் சுவரில் மோதியதற்கும் காரணம் இதுவே. சிற்றுடலோடு நாள்தோறும் மீனையே தின்று வாழ்ந்ததால், பூனை மனிதனுக்கு முன்பே வீழ்ந்தது.

1956 ஏப்ரலில், நடக்கவும் பேசவும் இயலாத நிலையில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி ஆலையின் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டாள். மருத்துவமனைத் தலைவர் ஹஜிமே ஹொசொகாவா, காரணம் அறியப்படாத நரம்பு நோய் பரவுவதாக மே 1 அன்று பொதுச் சுகாதார நிலையத்துக்கு அறிவித்தார். தொடர்ந்து நடந்த விசாரணையில், நோயாளிகளின் வீடுகளில் பூனைகளும் மாண்டிருந்தமை வெளிப்பட்டது. 1957இல் அந்நிலையத்தின் தலைவர் ஹசுவோ இடோ, விரிகுடாவின் மீனையும் சிப்பியையும் பூனைகளுக்கு உணவாகக் கொடுத்து அதே நோய் தோன்றுவதைக் காட்டினார். ஆயினும் உணவுச் சுகாதாரச் சட்டத்தின்படி அம்மீனைத் தடைசெய்யலாமா என்று மாகாண நிர்வாகம் கேட்டபோது, விரிகுடாவின் மீன்கள் அனைத்துமே நஞ்சு என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்று கூறி நடுவண் அமைச்சகம் மறுத்துவிட்டது. உண்பதை நிறுத்த நஞ்சின் வேதிப்பெயர் தெரிய வேண்டியதில்லை, நஞ்சு வரும் வழி தெரிந்தால் போதும் என்ற எளிய மருத்துவ நியாயம் அங்கே கைவிடப்பட்டது.

மாங்கனீசு, செலினியம், தாலியம் எனப் பலவற்றை ஐயுற்ற குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 1959 ஜூலையில் மெத்தில் பாதரசம் உள்ளிட்ட வகையான கரிமப் பாதரசமே காரணம் என்ற முடிவுக்கு வந்தனர். அதே மாதத்தில் ஹொசொகாவா, அசிட்டால்டிஹைடுப் பிரிவின் கழிவுநீரை உணவில் கலந்து ஒரு பூனைக்கு நாள்தோறும் கொடுக்கத் தொடங்கினார். ஆய்வேட்டில் 400 என்ற எண் பெற்ற அப்பூனைக்கு அக்டோபரில் தள்ளாட்டமும் வலிப்பும் கண்டன. நிறுவனமோ இம்முடிவை வெளியிடாமல் மறைத்தது. நோயாளிகள் தொடுத்த வழக்கில் 1970இல் நோய்ப்படுக்கையிலிருந்து ஹொசொகாவா அளித்த சாட்சியத்தால் அது நீதிமன்றத்தில் பதிவாயிற்று; சில மாதங்களில் அவர் காலமானார். ஆலையில் அத்தயாரிப்பு 1968 மே மாதத்தில்தான் நின்றது. அவ்வாண்டு செப்டம்பரில்தான் அரசு நோயின் காரணத்தை முறைப்படி ஏற்றது. 1973 மார்ச்சில் குமமோட்டோ மாவட்ட நீதிமன்றம் நிறுவனத்தின் கவனக்குறைவை உறுதிசெய்து, நோயாளிகளுக்கு இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது.

பூனை வளர்ப்போர்க்கு இவ்வரலாறு உணர்த்தும் பாடம் நேரடியானது. திடீர்த் தள்ளாட்டம், ஓயாத எச்சில் வடிதல், வலிப்பு, பார்வைக் குழப்பம் ஆகியவற்றுக்குச் செவிநோய் முதல் பூச்சிமருந்து நஞ்சு வரை பல காரணங்கள் உண்டு. எதுவாயினும் விளையாட்டென்றோ முதுமையென்றோ பெயரிட்டு ஒதுக்காமல், அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். அறிகுறி எப்போது தொடங்கியது, பூனை என்ன தின்றது, வீட்டில் வேறு விலங்குகளுக்கோ மனிதர்களுக்கோ அதுபோன்ற தொல்லை உண்டா என்ற விவரங்களையும் உடன் கொண்டுசெல்வது நன்று. மோடோவில் பூனைகள் மாண்ட நாள்களில் இக்கேள்விகளைக் கேட்பதற்கு ஆய்வுக்கூடமோ அரிய கருவியோ தேவைப்பட்டிருக்காது. பூனையின் துன்பத்தைத் துன்பமாகவே காணும் கண் போதுமானதாக இருந்திருக்கும்.