அங்கோரும் அதன் மக்களும்

கம்போடியாவின் வடமேற்கே, தொன்லே சாப் ஏரிக்கு அணித்தாக, சிற்றாறு ஒன்றின் கரையில் அமைந்த ஊர் சியம் ரீப். அதற்கு வடக்கே ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவில் அங்கோர் வாட் கோயில் உள்ளது. இவ்வூரை உலகறிந்த சுற்றுலா நகரமாக்கியவை அங்கோரின் கோயில்களே. 1932-இல் இங்குப் பெரிய பயணியர் விடுதியொன்று திறக்கப்பட்டது. 2018-இல் மட்டும் அங்கோரைக் காண வந்த வெளிநாட்டவர் ஏறத்தாழ 26 இலட்சம் பேர். அவர்களுள் பலர் அறிந்து வரும் கதை ஒன்றுண்டு: காடு மூடி, மனிதர் மறந்துவிட்ட நகரை ஆன்றி மூவோ என்னும் பிரெஞ்சுக்காரர் 1860-இல் கண்டுபிடித்தார் என்பது. கேட்பதற்கு இனிய கதைதான்; ஆனால் உண்மையன்று.

மூவோவுக்குப் பத்தாண்டுகள் முன்னரே, 1850-இல், பூயெவோ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் அங்குச் சென்று திரும்பியிருந்தார். 1586-இல் போர்த்துகீசியத் துறவி ஒருவர் கண்டு வியந்தார். 1632-இல் சப்பானியர் ஒருவர் அங்கோர் வாட்டை வழிபட வந்து, தூணொன்றில் மையால் எழுதிவைத்த எழுத்துகள் அவர் வருகைக்குச் சான்றாயின. வழிபட வந்தார் என்பது கருதத்தக்கது. வழிபாடு இல்லாத இடத்திற்கு எவரும் கடல் கடந்து வரமாட்டார். 1431-இல் அயுத்தியாப் படையிடம் வீழ்ந்தபின் அரசு தெற்கே பெயர்ந்தது. ஆயினும் திருமாலுக்கென எழுந்த கோயில் பௌத்தப் பள்ளியாகி வாழ்ந்தது. முற்றுப்பெறாதிருந்த அதன் வடகீழ்ப்புறச் சுவர்ச் சிற்பங்களை 16-ஆம் நூற்றாண்டில் கெமர் மன்னர் ஆங் சான் செதுக்குவித்தார். மூவோ சென்றபோதும் கோயில் முன்றிலில் துறவியர் குடில்கள் இருந்தன. பின்னர் பிரெஞ்சு ஆட்சியினர், கோயிலின் முகப்பு மறைகிறது எனக்கூறி அக்குடில்களை அப்புறப்படுத்தினர். கண்டுபிடித்தவர்கள் முதலில் செய்த காரியங்களுள் ஒன்று அங்கிருந்தவர்களை விலக்கியதாகும்!

'இதைக் கட்டியவர் யார்?' என்று மூவோ வினவியபோது, அரக்கர் என்றும், தேவர் அரசன் என்றும், தானே எழுந்தது என்றும் ஊரார் விடை கூறினராம். இவ்விடைகளைக் கொண்டு, அம்மக்கள் தம் முன்னோரையே மறந்தவர்கள் என ஐரோப்பியர் முடிவுகட்டினர். கல்வெட்டுகளோ வேறு செய்தி கூறுகின்றன. புகழ்ச்சி வடமொழிப் பாக்களிலும், நிலமும் நெல்லும் ஏவலரும் பற்றிய கணக்குப் பெரும்பாலும் பழங்கெமர் உரைநடையிலும் பொறிக்கப்பட்டன. ஏழாம் செயவர்மன் 1186-இல் எழுப்பிய தா புரோம் கோயிலின் கல்வெட்டு, அதனைப் பேணக் கடமைப்பட்டிருந்தோர் 3,140 ஊர்களைச் சேர்ந்த 79,365 பேர் என்று எண்ணிச் சொல்கிறது. அவருள் ஆடல் மகளிர் 615 பேர். இன்று பயணிகள் அக்கோயிலில் பெரிதும் படமெடுப்பது சுவரைப் பற்றிப் படர்ந்த மரவேர்களையே.

தமிழரிடையேயும் ஒரு கதை வழங்குகிறது. அங்கோர் வாட்டைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மன் தமிழ் மன்னன் என்று மேடையிலும் ஏட்டிலும் சிலர் முழங்குவர். பல்லவரைப் போல் 'வர்மன்' என முடியும் பெயர் ஒன்றே அவர்கள் காட்டும் பெருஞ்சான்று. அம்முடிபு வடமொழி, அதை ஏற்ற அரசர் சம்பா நாட்டிலும் இருந்தனர். 1113-இல் அரியணை ஏறிய சூரியவர்மன் கெமர் அரச மரபினன். அவன் கோயிலின் வடிவமும் அந்நாட்டிலேயே வளர்ந்தது. 881-இல் முதலாம் இந்திரவர்மன் பக்கோங்கில் அடுக்கடுக்காய் உயர்த்திய கல்மலைக் கோயிலிலிருந்து, இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகப் பல கோயில்கள் வழியே படிப்படியாகத் தேறிய கலையே அங்கோர் வாட்டின் ஐந்து சிகரங்களில் முதிர்ந்து நிற்கிறது.

உண்மையான உறவுகள் இருக்கையில் பொய்யுறவு எதற்கு? காம்போச மன்னன் நட்பை நாடி முதலாம் இராசேந்திரனுக்குத் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு கூறுகிறது. காம்போச அரசன் குலோத்துங்க சோழனுக்குக் காட்டிய அரிய கல் ஒன்று தில்லைக் கோயிலில் பதிக்கப்பட்டதை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. 967-இல் எழுந்த பந்தே சிரே என்னும் சிவன் கோயிலின் முகப்பில் ஆடவல்லானின் திருவடிக்கீழ் எலும்பும் தோலுமாய் அமர்ந்திருக்கும் மாது காரைக்காலம்மையாரே என அறிஞர் பலர் கொள்வர். நாகைக்கு அருகில் பிறந்த பேய்மகள் ஒருத்தி கெமர்ச் சிற்பியின் உளிக்கு எட்டியது எத்துணை வியப்பு! அக்கோயிலைக் கட்டியவன் அரசனும் அல்லன். யக்ஞவராகன் என்னும் அரசகுரு. அதே கோயிலின் சிற்பங்களை 1923-இல் அறுத்தெடுத்துப் பிடிபட்ட ஆந்திரே மால்ரோ பிற்காலத்தில் பிரான்சின் பண்பாட்டு அமைச்சரானதை வரலாற்றின் குறும்பு எனலாம்.

அடுத்து வந்த துயரம் பெரிது. 1970-இல் மூண்ட போரும், 1975-இல் நகர மக்களையெல்லாம் வயல்களுக்கு விரட்டிய கெமர் ரூச் ஆட்சியும் அங்கோரை உலகிலிருந்து துண்டித்தன. பாபூவோன் கோயிலைச் சீர்செய்யப் பிரித்து அடுக்கியிருந்த ஏறத்தாழ 3 இலட்சம் கற்களின் இடக்குறிப்பேடுகள் அக்காலத்தில் அழிந்தன. 1995-இல் மீண்டும் தொடங்கிய வேலை, கல்லோடு கல்லைப் பொருத்திப் பார்த்து, 2011-இல்தான் நிறைவெய்தியது. 1986 முதல் 1993 வரை இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கோர் வாட்டைச் செப்பனிட்டனர். 1992-இல் அங்கோர் உலக மரபுச் சின்னமாயிற்று.

அச்சின்னத்தின் எல்லைக்குள் கோயில்கள் மட்டும் இல்லை. ஊர்களும் வயல்களும் உள்ளன. 2022 முதல் அங்கிருந்து ஏறத்தாழ 10,000 குடும்பங்களை ரன் தா எக் முதலிய புதுக்குடியிருப்புகளுக்கு அரசு பெயர்க்கத் தொடங்கியது. முறையின்றிக் குடியேறியவரே விருப்பத்தோடு செல்கின்றனர், பழைய ஊர்களைத் தொடவில்லை என்பது அதிகாரிகளின் கூற்று. விருப்பம் என்பது பெயரளவே, நெருக்குதலே மிகுதி என்று அனைத்துலக மன்னிப்புச் சபை 2023-இல் அறிக்கை வெளியிட்டது. பெயர்ந்தவருள் பலர் கோயிலடியில் உணவும் கைவினைப் பொருளும் விற்றுப் பிழைத்தவர்கள். அவர்களுக்கு அளந்து கொடுக்கப்பட்டது வெறும் மனை; வீட்டை அவர்களே கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.