வயிற்றுளைவும் முழங்கால் வீக்கமும்

திருகோணமலை நகருக்கு வடமேற்கேயுள்ள கன்னியா வெந்நீரூற்றுகளை அறியாதார் ஈழத்தில் இலர். இராவணன் தன் அன்னையின் ஈமக்கடனுக்காகத் தரையில் ஏழிடத்தில் வாளை ஊன்றினான் என்பது செவிவழிக் கதை. ஏழு கிணறுகளின் வெப்பமும் ஒன்றுக்கொன்று வேறுபடும். இலங்கையில் இராணுவ வைத்தியராகப் பணியாற்றிய ஜோன் டேவி, 1821ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் இவற்றையும் குறித்துள்ளார். அந்தியேட்டிக் கடன் கழிக்க வருவோருடன், முழங்கால் மடக்க இயலாதோரும் இங்கு வந்து நீராடுவது நெடுநாள் வழக்கம்.

வெந்நீர் நோவைத் தணிக்கும். ஆயினும் அந்நோவு எங்கே பிறந்தது என்ற வினாவிற்கு நம் பழைய வைத்தியர் கூறிய விடை வேறு. முழங்காலைத் தொடுமுன் அவர் மலம் ஒழுங்காகக் கழிகின்றதா என்று கேட்பார். வாதத்தின் இருப்பிடம் அடிவயிறு என்பதும், பேதி மருந்தால் அது தணியும் என்பதும் சித்த மருத்துவத்தின் அடிப்படைக் கொள்கைகள். முழங்கால் வலிக்கு வயிற்றையா பார்ப்பது என்று இதனை எள்ளி நகைத்தோரும் உண்டு. நகைப்புக்குரியது அன்று என்பதை மேனாட்டு மருத்துவம் மெல்லமெல்லக் கண்டறிந்தது. கண்டறிய உதவியவை பெரும்பாலும் படை முகாம்களும் கப்பல்களுமே.

துறைமுகத்தில் வாழ்வோர்க்கு வயிற்றுளைவு புதிதன்று. 1782ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலேயர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். ஆகஸ்டு இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் அதனைப் பறித்தார். அந்தப் போரில் ஆங்கிலக் கடற்படையுடன் இருந்த சாள்ஸ் கேட்டிஸ் என்னும் கப்பல் வைத்தியர், 1782, 1783ஆம் ஆண்டுகளில் அப்படையினரைத் தாக்கிய நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதி 1807இல் வெளியிட்டார். பீரங்கிக் குண்டுக்குத் தப்பியவனும் கழிச்சலுக்குத் தப்பாத காலம் அது. மரக்கலத்தின் அடித்தட்டில் நெருங்கிக் கிடந்த மாலுமியர், கெட்ட நீரைக் குடித்து, ஒருவரிடமிருந்து ஒருவர் நோயைப் பெற்றனர்.

கழிச்சல் நின்ற பின்னும் நோய் சிலரை விடுவதில்லை. ஒன்று முதல் நான்கு கிழமைகளுக்குள் முழங்காலோ கணுக்காலோ வீங்கும், கண் சிவக்கும், சிறுநீர் எரியும். வியன்னா வைத்தியர் ஸ்டோல் 1776இலேயே வயிற்றுளைவுக்குப் பின் மூட்டு வீங்குவதைக் குறித்திருந்தார். முதலாம் உலகப் போரில், 1916இல், பிரெஞ்சுப் படையினரிடையே ஃபீசிஞ்சேயும் லெறுவாவும், ஜேர்மானியப் படை அதிகாரி ஒருவரிடத்தில் றைற்றரும் இதனைக் கண்டனர். நோய்க்கு நெடுங்காலம் றைற்றரின் பெயரே வழங்கிற்று. அவர் பின்னர் நாசி ஆட்சியின் கொடிய மனிதப் பரிசோதனைகளில் பங்குற்றவர் என்பது தெரியவரவே, மருத்துவ உலகம் அப்பெயரைக் கைவிட்டது. கைவிட்டதே தகும். பின்லாந்தில் இரண்டாம் உலகப் போரின்போது பரவிய பெரும் வயிற்றுளைவுக்குப் பின் இத்தகைய 344 நோயாளரைப் பறோனன் என்பார் 1948இல் விவரித்தார்.

ஆயினும் எல்லாவற்றிலும் தெளிவான சான்று ஒரு கப்பலிலிருந்தே வந்தது. அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றில் 1,276 பேர் இருந்தனர். அவர்களுள் 602 பேருக்கு வயிற்றுளைவு கண்டது. அவர்களில் ஒன்பது பேருக்கு மட்டுமே மூட்டு வீங்கிற்று. இச்செய்தி 1966இல் வெளியாயிற்று. ஒரே கப்பல், ஒரே சமையல், ஒரே கிருமி; இந்த ஒன்பது பேர் மட்டும் ஏன்? 1973இல் பி27 என்னும் பரம்பரைக் குறி இவ்வகை மூட்டுநோயாளரிடம் மிகுதி என்பது தெரிந்தது. கெலினும் ஃபிறைசும் பழைய கப்பல் நோயாளரைத் தேடிச் சென்று ஐவரைக் கண்டனர். நால்வரிடம் அக்குறி இருந்தது. நோயைக் கொணர்ந்தது குடல். அதற்கு இடங்கொடுத்தது பிறப்பு.

வீங்கிய மூட்டிலிருந்து நீரெடுத்து வளர்த்துப் பார்த்தால் உயிருள்ள கிருமி தோன்றுவதில்லை. எனினும் குடலைத் தாக்கும் யெர்சினியா என்னும் கிருமியின் சிதைவுகள் மூட்டினுள் இருப்பதை 1989இல் பின்லாந்து ஆய்வாளர் காட்டினர். குடற்சுவரைக் கடந்த அச்சிதைவுகளை எதிர்த்து உடல் தொடுக்கும் போரே வீக்கமாகின்றது.

இத்தொடர்பை அளவுக்கு மீறி நம்பியோரும் உளர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் அறுவை வைத்தியர் ஆபத்நொட் லேன், மலச்சிக்கலே பல நோய்க்கும் வேர் என்று கருதிப் பெருங்குடலையே வெட்டியெடுத்தார். நம்மவருள் வயிற்றோட்டத்தால் ஏற்கெனவே நீர் வற்றியவனுக்கு மேலும் பேதி மருந்து கொடுப்பாரும் அதே பிழையைச் செய்கின்றனர். மூட்டு வீக்கம் எல்லாம் குடலில் பிறப்பதும் இல்லை. 2006ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இலங்கையில் பரவிய சிக்குன்குனியா, நுளம்பு கடித்து வந்தது. அதுவும் மூட்டையே முடக்கிற்று. ஆகவே வைத்தியர் இரண்டையும் வினவ வேண்டும். நோயாளியும், கழிச்சல்தான் நின்றுவிட்டதே என்று அதனைச் சொல்லாது விடலாகாது.

சுவீடன் நாட்டில் நன்னா ஸ்வாட்ஸ் என்னும் பெண் வைத்தியர், மூட்டுவாதத்திற்குக் கிருமியே காரணம் எனக் கருதி, வலிநீக்கியையும் கிருமிகொல்லியையும் பிணைத்து ஒரு மருந்தை உருவாக்கச் செய்தார். அதைப் பற்றி 1942இல் எழுதினார். சல்பாசலசீன் என்னும் அம்மருந்து பெருங்குடற் புண்ணுக்கு மிக நன்றாகப் பயன்பட்டது. மூட்டுக்கு அது உதவாது என்று சில காலம் ஒதுக்கினர். பின்னர் மீண்டும் எடுத்தாண்டனர். இன்று குடற்புண் நோயாளிக்கும் மூட்டுவாத நோயாளிக்கும் அதே மாத்திரை எழுதித் தரப்படுகின்றது.