வாந்திபேதியும் வாரத் தந்தியும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் ஓடும் நாள்களில், பல ஊர் மக்கள் கூடித் தங்கி ஒரே நீர்நிலையைப் புழங்கிய காலம் ஒன்றுண்டு. இத்தகைய கூட்டங்களில் வாந்திபேதி எளிதில் பரவும் என்பதை ஆங்கில அரசு 19-ஆம் நூற்றாண்டிலேயே உணர்ந்திருந்தது. காலரா என்று ஏடுகள் குறிக்கும் அந்நோயால் எவரேனும் மாண்டால் கிராம முன்சீப்பு பதிவேட்டில் எழுதுவார். கணக்கு தாலுகா வழியாகச் சென்னைக்குச் செல்லும். இராஜபாளையத்துச் சிற்றூர்களின் துயரமும் இவ்வாறே எண்ணாக மாறியது. ஆனால், கணக்கு மேலே ஏறிய வேகத்தில் உதவி கீழே இறங்கியதில்லை.

உலக அளவிலும் இதே கதைதான். 1851-இல் பாரிசில் 12 நாடுகள் கூடி நோய்த் தடுப்புக் குறித்துப் பேசின. அவை கவலைப்பட்டது நம் மக்களுக்காக அன்று. தங்கள் துறைமுகங்களுக்காகவும் வணிகத்திற்காகவுமே. 1925-இல் சர்வதேச சங்கம் சிங்கப்பூரில் ஒரு நோய்ச்செய்தி நிலையத்தை நிறுவியது. ஆசியத் துறைமுகங்களிலிருந்து அங்கே வாரந்தோறும் தந்தி வரும். பிளேக், காலரா, பெரியம்மை எங்கே தலைதூக்கியுள்ளன என்பதை அந்நிலையம் கம்பியில்லாத் தந்தி வழியே கப்பல்களுக்கும் நாடுகளுக்கும் அறிவிக்கும். போற்றத்தக்க முயற்சியே, எனினும் அதன் கண் துறைமுகத்தோடு நின்றது.

செய்தி சொல்பவனே தண்டிக்கப்படுவது மற்றொரு கொடுமை. 1994 செப்டம்பரில் சூரத்தில் பிளேக் என்ற செய்தி பரவியதும் பல நாடுகள் விமானங்களை நிறுத்தின. இந்தியப் பொருள்களைத் தடுத்தன. சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணியைக் கடல் கடந்து அனுப்பும் நம் பகுதிக்கு இத்தடையின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. 2005-இல் திருத்தப்பெற்று 2007-இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார விதிகள், ஆபத்தை மதிப்பிட்ட 24 மணி நேரத்திற்குள் அறிவிக்கப் பணிக்கின்றன. தேவைக்கு மீறிய தடை கூடாது என்றும் கூறுகின்றன. ஆயினும் 2021 நவம்பரில், புதிய கொரோனா வகையை மறைக்காமல் அறிவித்த தென்னாப்பிரிக்காவுக்குக் கிடைத்தது பயணத் தடையே!

நமக்கு நம்பிக்கை தருவது வேலூர். 1980-களில் அங்கே கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் ஜேக்கப் ஜான் எளியதொரு வழி கண்டார். வட ஆற்காடு மாவட்டத்து அரசு, தனியார் மருத்துவர்களுக்கு அச்சிட்ட அஞ்சலட்டைகள் வழங்கப்பட்டன. குறிப்பிட்ட நோயைக் கண்டவர் குறித்து அனுப்பினால் போதும். செய்திகள் தொகுக்கப்பட்டு 'நதி' என்ற மாத மடலாக அம்மருத்துவர்களுக்கே திரும்பி வந்தன. தாம் எழுதிய அட்டைக்குப் பயனுண்டு என்று கண்டவர்கள் மேலும் எழுதினார்கள். நம் மலைத்தொடருக்கு அப்பால், கோட்டயம் மாவட்டம் 1999-இல் இம்முறையை மேற்கொண்டது.